ராஜா மீதான தாக்குதலில் என்ஜின் கண்ணசரும் இடங்கள்: கண்டுபிடிக்கும் முறை

குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கி ஜெயித்த செஸ் ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினில் (செஸ் ஆடும் நிரல்) போட்டுப் பார்த்தால், அந்தப் பலிக்குக் கீழே சிவப்புக் குறியோடு -1.8 என்று வருகிறது. இன்னொரு ஆட்டத்தில் ராஜா நடுப்பலகையில் ஓடி ஓடி மேட் ஆகியிருப்பார், என்ஜினோ அதற்கு நாலு நகர்வு முன்புவரை 0.00 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு இடத்திலும் அந்த எண்ணைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது பதில் சொல்வது நம் கேள்விக்கு அல்ல. "இதுவரை தேடிய அளவில், இனி இரு பக்கமும் நானே ஆடினால் என்ன ஆகும்?" என்பதுதான் என்ஜினின் கேள்வி. பலகையின் மற்ற விவகாரங்களில் இரண்டு கேள்விக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ராஜாவை முற்றுகையிடும்போதுதான் பிரிகின்றன. அதனால் அங்கே எண்ணை வாசித்தால் போதாது, குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

எண்ணின் அளவுகோலை முதலில் சரி செய்துகொள்ளுங்கள். 2022 டிசம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்பது "ஒரு சிப்பாய் கூடுதல்" என்ற பொருளில் இல்லை. என்ஜின் தன்னோடு தானே ஆடினால் அந்தப் பக்கம் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று பொருள். ஒரு பலி உங்களை -0.9க்குக் கொண்டுபோனால் "ஒரு சிப்பாய் நஷ்டம்தானே" என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, "தோற்றுவிட்டேன்" என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தவறு எங்கே பிறக்கிறது

பழைய புரோகிராம்களிலிருந்து தொடங்கினால் புரிவது எளிது. ராஜாவையும் அவரைச் சுற்றியுள்ள கட்டங்களையும், எதிரி இருக்கும் திசையில் கூடுதலாக இரண்டு மூன்று கட்டங்களையும் சேர்த்து "ராஜா வட்டாரம்" என்று குறித்துக்கொள்வார்கள். அந்த வட்டாரத்துக் கட்டங்களைத் தாக்கும் காய்களுக்குப் புள்ளி உண்டு. பரவலாகப் பயன்பட்ட ஒரு முறையில், தாக்கப்படும் கட்டம் ஒவ்வொன்றுக்கும் குதிரை அல்லது பிஷப்புக்கு 20, யானைக்கு 40, ராணிக்கு 80. கூட்டிய தொகையைத் தாக்கும் காய்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருக்குவார்கள்: ஒரே காய் என்றால் 0, இரண்டு என்றால் 50 சதவீதம், மூன்று என்றால் 75, நான்கு என்றால் 88.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராணி இரண்டு கட்டங்களையும் குதிரை ஒரு கட்டத்தையும் தாக்கினால் 180இல் பாதி, அதாவது 90 சென்டிபான், சிப்பாயின் நூறில் தொண்ணூறு பங்கு. இப்போது இ1இல் நிற்கும் யானை இ3க்கு ஏறி ஜி3க்குத் திரும்பி வட்டாரத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டால் 220இல் 75 சதவீதம், 165. யானை இ3இல் நிற்கும்போது எந்தக் கட்டத்தையும் தொடாததால் அதன் பங்கு பூஜ்யம். அடுத்த நகர்வில் அதுவே தாக்குதலின் முதுகெலும்பு. மனிதக் கண் "யானை வந்துகொண்டிருக்கிறது" என்று பார்க்கிற இடத்தில் இந்த முறைக்கு ஒன்றுமே தெரியாது. எதிர்ப்பக்கத்துக் காவல் காய்கள் பலகையின் மறுமூலையில் மாட்டிக்கொண்டு திரும்ப வழியில்லாமல் இருப்பதும் இதில் பெரும்பாலும் சேராது.

2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12 வந்தபோது நிலைமை மாறியது. அதில் சேர்த்த நரம்பு வலையமைப்புக்கு ஒவ்வொரு காயும் "ராஜா இந்தக் கட்டத்தில் நிற்கும்போது இந்தக் காய் இங்கே" என்ற ஜோடியாகவே உள்ளே போகிறது. கையால் எழுதிய மதிப்பீட்டுச் சூத்திரம் 2024 பிப்ரவரியின் 16.1 பதிப்பில் முழுவதும் போய்விட்டது. ஆகவே "கம்ப்யூட்டருக்குத் தாக்குதல் தெரியாது" என்ற பழைய பேச்சை இன்றைய ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு அப்படியே பொருத்தினால் ஏமாறப் போவது நாம்தான்.

மிச்சமிருக்கும் பலவீனம் தேடலில் இருக்கிறது. இரண்டு கழிப்பு உத்திகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, பின்னால் வரும் நகர்வுகளைக் குறைவாகத் தேடுவது. என்ஜின் ஒரு நிலையில் எல்லா நகர்வுகளையும் வரிசைப்படுத்தி, முன்னால் உள்ளவற்றை முழு ஆழத்துக்கும் பின்னால் உள்ள அமைதியான நகர்வுகளை வெகு குறைந்த ஆழத்துக்கும் பார்க்கிறது. செக்கும் வெட்டும் வரிசையில் முன்னே வரும். பலி கொடுத்த பிறகு ஆட வேண்டிய அமைதியான யானை நகர்வு பின்னே விழும். "ஆழம் 30" என்று திரையில் வருவது எல்லா வழிகளும் முப்பது அரை நகர்வு பார்க்கப்பட்டதாகப் பொருளாகாது (ஒரு பக்கத்தின் ஒரு ஆட்டம் ஓர் அரை நகர்வு).

இரண்டாவது, "பாஸ்" விட்டுப் பார்ப்பது. தன் முறையை எதிரிக்கே விட்டுக்கொடுத்தும் நிலைமை நன்றாக இருந்தால் "இங்கே ஆபத்தில்லை" என்று அந்தக் கிளையை வெட்டிவிடும். இந்தச் சோதனையைக் குறைந்த ஆழத்தில்தான் செய்கிறது. ஒரே நகர்வில் மேட் மிரட்டல் என்றால் பிடித்துவிடும். மூன்று அமைதியான நகர்வு தேவைப்படும் மிரட்டல் அந்த ஆழத்துக்குள் வராது.

எச்7 பிஷப் பலியைப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி1, பிஷப்கள் டி3, சி1, குதிரை எஃப்3, சிப்பாய் இ5. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானை எஃப்8, குதிரை டி7, சிப்பாய்கள் இ6, எஃப்7, ஜி7, எச்7, இ7இல் பிஷப் இல்லை. பிஷப் எச்7ஐ வெட்டி செக், ராஜா வெட்டுகிறார், குதிரை ஜி5 செக், ராஜா ஜி8, ராணி எச்5. இதுவரை ஐந்து அரை நகர்வு, ஐந்தாவது அமைதியானது. கறுப்பு யானை இ8க்குப் போனால் ராணி எஃப்7ஐ வெட்டி செக், ராஜா எச்8, ராணி எச்5 செக், ராஜா ஜி8, ராணி எச்7 செக், ராஜா எஃப்8, ராணி எச்8 செக், ராஜா இ7, ராணி ஜி7ஐ வெட்டி மேட். மொத்தம் 15 அரை நகர்வு. ஆறு அரை நகர்வோடு நிற்கும் புரோகிராம் இதில் பார்ப்பது ஒரு பிஷப் போய் ஒரு சிப்பாய் வந்த கணக்கை மட்டும்தான். செக் வரும்போதெல்லாம் ஆழத்தைக் கூட்டும் ஏற்பாடு இருந்ததால் பல பழைய புரோகிராம்கள் தப்பின. இன்றைய என்ஜின் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடும். ஆனால் ஒரே ஒரு அமைதியான நகர்வுக்குப் பதில் நாலைந்து இருக்கும் தாக்குதலில் இதே கதை பெரிய அளவில் திரும்ப நடக்கிறது.

விசாரணைக்கு முன் அமைப்பு

பலர் சொல்லும் "என்ஜின் தவறு" இங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டாக்ஃபிஷ் தரும் இயல்பான ஹாஷ் நினைவகம் (கண்டதைக் குறித்துவைக்கும் இடம்) 16 எம்பி, த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் தேடல்) 1. இதை மாற்றாமல் பத்து நிமிடம் ஓடவிட்டால், கண்டுபிடித்ததை எழுதிவைக்க இடமில்லாமல் பழையதை அழித்துக்கொண்டே ஓடும். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஹாஷ் 1024 அல்லது 2048 எம்பி, த்ரெட் மொத்த கோர் எண்ணிக்கையில் ஒன்று குறைவு என்று வையுங்கள். பல த்ரெட்டில் ஓட்டினால் ஒரே நிலைக்கு இரண்டு தடவை சற்றே வேறு எண் வரும், அது கோளாறு இல்லை.

உலாவியில் லிச்செஸ் என்ற செஸ் தளத்தைப் பயன்படுத்துபவர்கள் அமைப்பில் எந்த ஸ்டாக்ஃபிஷ் ஓடுகிறது என்று பாருங்கள். சிறிய வலையமைப்பு, பெரிய வலையமைப்பு என்று வகைகள் உண்டு. ராஜா ஆபத்தில் இருக்கும் நிலைகளுக்குப் பெரியதையே எடுங்கள். ஆட்டம் முடிந்ததும் சர்வர் சில நொடியில் போட்டுத் தரும் பிழைக் குறிகள் வேகத்துக்காகச் செய்தவை. பலி கொடுத்த நகர்வு மேல் விழுந்த கேள்விக்குறியை அந்த அறிக்கையை மட்டும் வைத்து ஏற்கவே வேண்டாம். கைபேசியில் ஓட்டுவதானால் இரண்டு மூன்று நிமிடத்தில் சூடேறி வேகம் இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் ஓட்டம் ஒரே வழியோடு இருக்கட்டும். ஐந்து வழி காட்டச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தனித் தேடல் தேவைப்பட்டு ஆழம் குறையும்.

முன்னே போய்ப் பின்னே வருவது

இருப்பதிலேயே பயனுள்ள சோதனை இதுதான். நேரமில்லாவிட்டால் இதை மட்டும் செய்யுங்கள்.

சந்தேகத்துக்குரிய நிலையில் 2 நிமிடம் ஓடவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பலி நகர்வைப் பலகையில் ஆடிவிட்டு 1 நிமிடம். எதிரியின் சிறந்த பதில் என்று காட்டுவதை ஆடி இன்னொரு நிமிடம். இப்போது தாக்கும் பக்கத்துக்கு நீங்கள் நினைக்கும் அமைதியான நகர்வை (யானை ஏற்றம், எச் சிப்பாயைத் தள்ளுவது, மறுபக்கக் குதிரையைக் கொண்டுவருவது) கையால் ஆடுங்கள், என்ஜின் வேறொன்றைப் பரிந்துரைத்தாலும். இப்படி ஆறிலிருந்து எட்டு அரை நகர்வு வரை போங்கள். பிறகு ஹாஷை அழிக்காமல் ஒவ்வொரு படியாகப் பின்னே வந்து, ஒவ்வொன்றிலும் 30 நொடி நில்லுங்கள்.

குறைத்துப் பார்த்த நகர்வை நீங்கள் பலகையில் ஆடிவிட்டதால் இப்போது முழு முயற்சியும் அதன் மேல் விழுகிறது. கண்டது ஹாஷில் இருப்பதால் பின்னே வரும்போது மேலே எடுத்துச் செல்கிறது. தொடக்க நிலைக்குத் திரும்பியபோது எண் 0.8க்கு மேல் நகர்ந்திருந்தால் முதல் எண் அரைகுறை. 0.2, 0.3 நகர்வது சாதாரணம்.

இரண்டு இடத்தில் பிசகும். தாக்கும் பக்கத்துக்குக் கையால் ஆடிவிட்டு, காக்கும் பக்கத்துக்கும் நம் ஆசைப்படியே ஆடிவிடுகிறோம். காக்கும் நகர்வு எப்போதும் என்ஜினுடையதாகவே இருக்க வேண்டும், அதற்கு நேரமும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, நடுவில் வேறு ஆட்டத்தைத் திறந்தால் சில செயலிகள் ஹாஷைக் காலி செய்துவிடும்.

எத்தனை இலவச நகர்வு தேவை?

காக்கும் பக்கத்தின் முறையை ரத்து செய்து, தாக்குபவர் இன்னொரு நகர்வு ஆடினால் என்ன என்று கேளுங்கள். லிச்செஸ் பகுப்பாய்வில் எக்ஸ் விசையை அழுத்தினால் மிரட்டலைக் காட்டும். வேறு செயலியில் நிலை அமைப்புக்குப் போய் யார் முறை என்பதை மாற்றுங்கள். ராஜா செக்கில் இருக்கும்போது இது செல்லாது.

ஒரு இலவச நகர்வில் எண் மேட்டுக்குத் தாவினால் மிரட்டல் உடனடியானது, அதை என்ஜின் ஏற்கெனவே கணக்கில் எடுத்திருக்கும், நம்பலாம். இரண்டு மூன்று இலவச நகர்வுக்குப் பிறகுதான் தாவுகிறது, காக்கும் பக்கத்துக்கோ அந்த இடைவெளியில் செய்ய உருப்படியாக ஒன்றுமில்லை என்றால் முதல் எண்ணைச் சந்தேகிக்கலாம். என்ஜினின் பார்வைக்குத் தப்பும் தாக்குதல்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

கிங்ஸ் இந்தியன் திறப்பில் நடுப்பலகை பூட்டிக்கொண்ட பிறகு வருவது இதற்குச் சரியான உதாரணம். 9. குதிரை இ1, குதிரை டி7; 10. பிஷப் இ3, எஃப்5, 11. எஃப்3, எஃப்4, 12. பிஷப் எஃப்2, ஜி5. என்ஜின்கள் இங்கே வெள்ளைக்குத் தாராளமாக எண் போடும், இட வசதியும் ராணிப் பக்க உடைப்பும் வெள்ளையிடம் இருப்பதால். கறுப்பு செய்ய வேண்டியவை: யானை எஃப்7, பிஷப் எஃப்8, யானை ஜி7, குதிரைகள் ஜி6க்கும் எஃப்6க்கும், எச்5, ஜி4. ஏழு நகர்வு, பதினான்கு அரை நகர்வு போன பிறகுதான் முதல் சிப்பாயே மோதுகிறது. மேட் அதற்கும் அப்பால். இந்த ஏழில் ஒன்றுகூட செக்கோ வெட்டோ இல்லை. வெள்ளைக்கு எண் சாதகமாக இருக்கும் ஆட்டங்களில் மனிதர்கள் வெள்ளையாக மேட் வாங்குவது இதனால்தான். ராணிப் பக்கத்தில் ஒரு நகர்வு பிந்தினால் தோல்வி அங்கே ஒரு சிப்பாயோடு முடியும், ராஜாப் பக்கத்தில் பிந்தினால் ஆட்டமே முடியும்.

இதே நிலையில் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். சி8இல் ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோல் தெரியும் கறுப்பு பிஷப்தான் பின்னால் எச்3இல் விழுந்து காவலை உடைக்கப் போகிறது. நிலை அமைப்பில் அந்த பிஷப்பையும் வெள்ளையின் ஒரு குதிரையையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தாக்குதலின் உயிரே போய்விட்ட நிலை இது, எண் பலமாக வெள்ளைக்குச் சாய வேண்டும். சாயாவிட்டால் முதல் எண்ணில் தாக்குதல் சேரவே இல்லை என்று கொள்ளலாம். காயை அந்தரத்தில் எடுப்பதால் இதை அறிகுறியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

0.00 என்பதைப் பிரித்துப் பார்ப்பது

தாக்குதல் நிலைகளில் 0.00 இரண்டு வகையில் வரும்.

தொடர் செக்கால் சமன் என்பது ஒரு வகை. என்ஜின் கையில் ஒரு சமன் இருக்கும்போது, அதைவிட மேலான மெதுவான வழி வரிசையில் பின்னே கிடந்தால் அது மேலே வர நேரமாகும். மூன்று வழி காட்டச் சொல்லி, தொடர் செக்கைத் தொடங்காத நகர்வு எது என்று பாருங்கள். அது -0.5க்குள் இருந்தால் அதையே பலகையில் ஆடி முன்னே போங்கள்.

மற்ற வகை, காக்கும் பக்கம் கம்பி மேல் நடந்து தப்புவது. இதை அளக்கலாம். காக்கும் பக்கத்தின் முறை வரும் ஒவ்வொரு நிலையிலும் மூன்று வழி போட்டு, முதல் வழிக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். வித்தியாசம் 2.0க்கு மேல் என்றால் அது ஒற்றை வழி நகர்வு. தொடர்ந்து நான்கு ஒற்றை வழி என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவர் கிராண்ட்மாஸ்டராக இருந்தாலும் கடிகாரம் ஓடும்போது அது சமன் இல்லை. வெட்டிய காயைத் திரும்ப வெட்டுவது, செக்குக்கு ஒரே கட்டத்தில் ஒதுங்குவது போன்றவை எண்ணிக்கையில் சேராது, அவற்றை யாரும் தவறவிட மாட்டார்கள். ராஜா முன்னே ஏறி வர வேண்டியது, தாக்கப்படும் ராணியைத் தொடாமல் மறுபக்கம் சிப்பாய் தள்ள வேண்டியது, இவைதான் கணக்கு.

இன்னொரு என்ஜினைக் கேட்பது

ஸ்டாக்ஃபிஷ்ஷின் வேறு பதிப்பை வைத்து ஸ்டாக்ஃபிஷ்ஷைச் சரிபார்ப்பது, அண்ணனைப் பற்றித் தம்பியிடம் விசாரிப்பது மாதிரி. தேடும் முறையே வேறான லீலா என்ற என்ஜினைக் கேளுங்கள். 2017 டிசம்பரில், தன்னோடு தானே ஆடிக் கற்ற ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் ஸ்டாக்ஃபிஷ் 8ஐ 100 ஆட்டத்தில் 28 வெற்றி, 72 சமன் என்று வென்றபோது பலரை வியக்க வைத்தது, காய்களைக் கொடுத்துவிட்டு அவசரமே இல்லாமல் எதிரியின் காய்களைக் கட்டிப்போட்ட விதம். அதே வழியில் பயிற்றப்பட்டது லீலா. பூட்டிய நடுப்பலகை, நீண்ட முற்றுகை ஆகியவற்றில் அதன் மதிப்பீட்டுக்குக் காது கொடுக்கலாம்.

அதன் நோய் வேறு. எந்த நகர்வு நல்லதாகத் தோன்றுகிறது என்று வலையமைப்பு முன்கூட்டியே ஊகித்து அவற்றுக்கே அதிக நேரம் கொடுக்கும். ஊகத்தில் கீழே விழுந்த நகர்வு ஐந்து நகர்வு மேட்டாகவே இருந்தாலும் சில சமயம் வெகுநேரம் எட்டிப் பார்க்காது. ஆகவே நீண்ட கால நோக்கில் லீலா, கத்திச் சண்டையில் ஸ்டாக்ஃபிஷ். இரண்டும் 1.0க்கு மேல் வேறுபடும் நிலைதான் உட்கார்ந்து வேலை செய்யத் தகுந்தது. கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் லீலாவை ஓட்டிக் கிடைக்கும் எண்ணை இந்த ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், அவ்வளவு மெதுவாக ஓடும்.

பலவீனமான புரோகிராமோடு ஆடும்போது

பழைய செஸ் கருவிகள், சிறிய கைபேசி விளையாட்டுகள், மாணவர்கள் எழுதும் என்ஜின்கள் ஆகியவற்றிடம் 1990களின் ஒரு தந்திரம் இன்றும் எடுபடும். ட்ரோஜன் குதிரை என்று பெயர். கிராஃப்டி புரோகிராமில் இதைக் கண்டுகொள்ளவே தனியாக நிரல் எழுதியிருந்தார்கள்.

வெள்ளையில் டி4, இ3, எஃப்4 என்று நடுவைப் பூட்டுங்கள். பிஷப் டி3இல், எச்1 யானை அங்கேயே, ராஜா காஸ்லிங் செய்யாமல். கறுப்பு ராஜா ஜி8க்குப் போன பிறகு குதிரையை ஜி5இல் வைத்து எச்4 தள்ளுங்கள். எச்6 வந்தால் குதிரையைப் பின்வாங்காதீர்கள். புரோகிராம் அதை வெட்டினால் நீங்கள் எச் சிப்பாயால் வெட்டி, எச் வரிசையை யானைக்குத் திறந்துவிட்டு ராணியை எச்5க்குக் கொண்டுபோங்கள். குதிரை லாபம் உடனே தெரியும், மேட் எட்டுப் பத்து அரை நகர்வுக்கு அப்பால் இருக்கும்.

மூன்று நிபந்தனை. எஃப்6இல் கறுப்புக் குதிரை இருக்கக் கூடாது, அல்லது ஜி5க்கு வரும் சிப்பாய் அதைத் துரத்த வேண்டும். இல்லாவிட்டால் ராணிக்கு எச்5 கிடையாது. எஃப்8இல் யானை நின்று ராஜாவின் ஓட்டத்தை அடைத்திருக்க வேண்டும். டி3 பிஷப்புக்கும் எச்7க்கும் நடுவில் எஃப்5இலோ ஜி6இலோ எதுவும் குறுக்கே வரக் கூடாது. ஒன்று குறைந்தாலும் குதிரை போனது போனதுதான். புரோகிராம் குதிரையைத் தொடாமல் இ5இல் உடைத்தால், காஸ்லிங் செய்யாத உங்கள் ராஜா நடுவில் அகப்படுவார்.

என்ஜினே சரியாக இருக்கும்போது

இத்தனை சோதனைக்குப் பிறகும் எண் நகராவிட்டால் உங்கள் பலி தவறு. பெரும்பாலான தடவை அப்படித்தான் முடியும். 1996 பிப்ரவரி 10, பிலடெல்பியா: உலக சாம்பியன் கஸ்பரோவ் எதிரி ராஜாவை நெருங்கிக்கொண்டிருக்க, எதிரே ஆடிய டீப் ப்ளூ கணினி போய் ஒரு சிப்பாயைப் பொறுக்கியது. மனிதர் எவரும் அந்த நேரத்தில் அதைத் தொட்டிருக்க மாட்டார். தாக்குதல் எட்டாது என்று அது கடைசிவரை எண்ணியிருந்தது, 37 நகர்வில் ஜெயித்தது. 2002இல் பஹ்ரைனில் டீப் ஃப்ரிட்ஸ் என்ற என்ஜினுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கிராம்னிக் எஃப்7இல் குதிரையைக் கொடுத்துத் தாக்கித் தோற்றார். அந்தப் போட்டி 4-4 என்று முடிந்தது.

என்ஜின் சரி என்று தெரிந்ததும் அதோடு மூடிவிடாமல் மறுப்பு நகர்வைக் கண்டுபிடியுங்கள். எந்த அரை நகர்வில் தாக்குதல் செத்தது, காவலுக்கு வந்த காய் எது, அது எந்த வழியாக வந்தது என்று முன்னே போய்ப் பின்னே வரும் அதே முறையில் தேடலாம். எதிரியின் ராணி பலகையின் குறுக்கே ஒரே தாவலில் திரும்பிவந்திருக்கும், அல்லது ராஜா நாம் எதிர்பார்த்த பக்கம் போகாமல் இ7 வழியாக நடந்திருப்பார். பலி கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வழியை அடைக்கும் நகர்வைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். -1.8 சில சமயம் அங்கேயே +2 ஆகிவிடும்.